செம்மங்குப்பத்தில் நான் தயாரித்த அம்மோனியா

2004இல் பிளஸ் டூ வேதியியலில் எனக்கு இருநூறுக்கு அறுபத்தொரு மதிப்பெண். தேறுவதற்கு எழுபது வேண்டும். மற்ற ஐந்து பாடங்களிலும் தேறியிருந்தேன், அதனால் வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். "வுடு, பொட்டப் புள்ளதான" என்று சொல்லிவிட்டு அப்பா யூரியா மூட்டையை சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிட்டார். எங்கள் குமராட்சிப் பக்கம் அப்போது இரண்டாவது உரம் போடுகிற நேரம். அவருக்கு என் மார்க்கைவிடப் பயிர் மஞ்சளாவதுதான் கவலை. அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள்.

என் கணவர் கடலூர் முதுநகரில் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் ஃபேக்டரி ஒன்றில் மிஷின் ஓட்டுகிறவர். பெரும்பாலும் நைட் ஷிப்ட். நாங்கள் குடியிருந்தது செம்மங்குப்பத்தில், பன்னிரண்டு வீடுகள் ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் வரிசையாக இருந்த லைன் வீட்டில். சுற்றிலும் ரசாயனக் கம்பெனிகள். அங்கே குடியிருப்பவர்களுக்குக் காற்றில் வருகிற வாடையை வைத்தே மணி சொல்லத் தெரியும். புதிதாக ஏதாவது வாடை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் சின்னக் குழந்தை வரைக்கும் தெரியும்: துணியை நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓட வேண்டும். என்ன, ஏது என்று நின்று கேட்கக் கூடாது.

மகளுக்கு ஒன்றரை வயதானபோது நான் ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலை. பிப்பெட், பியூரெட், குடுவை, எல்லாம் பள்ளியில் நான் கையில் பிடித்தவைதான். அங்கே சோதனை செய்கிற பெண்கள் என் கண் முன்னால் சொட்டுச் சொட்டாக ஆசிட் விட்டு, நிறம் மாறியதும் குழாயை மூடி, நோட்டில் எழுதுவார்கள். எழுதி முடித்ததும் சாமானை என் பக்கம் தள்ளுவார்கள். நான் கழுவுவேன். இரண்டு வருடம் கழுவினேன். ஒருநாள் ஒரு பெண் நிறம் மாறிய பிறகும் நான்கு சொட்டு கூடுதலாக விட்டுவிட்டாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அக்கா, தாண்டிப் போயிடுச்சி" என்று சொல்லிவிட்டேன். அவள் முறைத்தாள். ஆனால் சோதனைக்கூடத்துக்குப் பொறுப்பாக இருந்த மேடம் அதைக் கேட்டுவிட்டார்.

மறுநாள் கூப்பிட்டு என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். எந்தப் பாடத்தில் ஃபெயில் என்றதற்கும் உண்மையைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கெமிஸ்ட்ரில ஃபெயிலாயிட்டு கெமிஸ்ட்ரி லேப்ல நிக்கிற. சரி, வர்ற மார்ச்சுல எழுது. டெஸ்டிங்ல ஒரு எடம் இருக்கு. பிளஸ் டூ பாஸ் சர்ட்டிஃபிகேட் கொண்டா, ஒன்ன போடறேன். ஜூன் வரைக்கும் அந்த எடத்த நான் பாத்துக்கறேன். அதுக்கப்புறம் என் கையில இல்ல."

அன்று 2009 ஆகஸ்டு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. வீட்டுக்கு நடந்து வரும்போதே முடிவு செய்துவிட்டேன். அந்த இடம் எனக்குத்தான். வேறு யாருக்கும் அதை விடுவதாக இல்லை.

மஞ்சக்குப்பத்தில் ஒரு டுடோரியலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். என்னைவிட ஐந்தாறு வயது சின்னதுகளோடு பெஞ்சில் உட்கார வேண்டும். அங்கே இருந்த சார் ஒரே மந்திரம்தான் சொல்லுவார்: "வேதிச் சமநிலைப் பாடத்துல அம்மோனியா தயாரிக்கிறது கண்டிப்பா வரும். கண்ண மூடிக்கிட்டு மனப்பாடம் பண்ணுங்க." எனக்கு மனப்பாடம் என்றாலே கிலி. 2004இல் நான் தோற்றதே அதனால்தான். பாதி விடையில் ஒரு வரி மறந்துபோனது, அதற்குப் பிறகு இருந்த அத்தனை வரிகளும் கூடவே போய்விட்டன. இந்த முறை புரியாமல் ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று வீம்பாக இருந்தேன்.

புரியவைக்க வீட்டிலேயே ஆள் இருக்கிறாரே என்று நினைத்தேன். அம்மோனியாவோடு பத்து வருடம் குடித்தனம் நடத்துகிறவர் என் கணவர். எந்த மூட்டில் கசிகிறது என்று கந்தகக் குச்சியைக் கொளுத்திக் காட்டிக் கண்டுபிடிப்பார். கசிகிற இடத்தில் வெள்ளையாகப் புகை எழும்புமாம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம், மீள்வினை என்றால் என்ன மாமா, முன்னாடியும் போகுமாம், பின்னாடியும் வருமாம் என்று கேட்டேன்.

"அதான் எங்க மிஷின்ல நடக்குது. கேஸை அமுக்குனா தண்ணியாவும். வுட்டா திரும்ப கேஸாவும். அதே அம்மோனியாதான் வருசக்கணக்கா சுத்தி சுத்தி வருது. ஐஸு மட்டும்தான் வெளிய போவுது."

எனக்கு ஒரே குஷி. அடுத்த வாரத் தேர்வில் ஐஸ் ஃபேக்டரியை முழுசாக ஒரு பக்கத்துக்கு எழுதி, படமும் போட்டு, இதுவே மீள்வினை என்று முடித்திருந்தேன். சார் பூஜ்யம் போட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் 'ஐஸ் கம்பெனி விளம்பரமா?' என்று எழுதியிருந்தார். வகுப்பே சிரித்தது. நான் பேப்பரை எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் போனேன். சிரித்ததைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, எங்கே தப்பு என்று சொல்லுங்கள் என்றேன்.

நல்ல மனுஷன்தான், உட்கார வைத்துச் சொன்னார். ஐஸ் ஃபேக்டரியில் அம்மோனியா அம்மோனியாவாகவே இருக்கிறது, உருவம்தான் மாறுகிறது. வேதிவினை என்றால் பொருளே வேறு பொருளாக மாற வேண்டும். அந்தப் புதுப் பொருள் அதே இடத்தில் மறுபடியும் பழைய பொருளாகவும் மாறினால்தான் மீள்வினை. "நவச்சாரத்த சூடு பண்ணிப் பாரு. அம்மோனியாவும் இன்னொண்ணுமா ரெண்டு கேஸா பிரிஞ்சி மேல போவும். குளுந்த எடத்துல பட்டா திரும்பவும் நவச்சாரமா ஒட்டிக்கும்" என்றார். வாயால் சொன்னதுதான். போய்ச் செய் என்று அவர் சொல்லவில்லை. அதை நான் இப்போதும் சத்தியம் செய்து சொல்லுவேன்.

திருப்பாதிரிப்புலியூரில் நாட்டு மருந்துக் கடையில் நவச்சாரம் ஒரு பொட்டலம் வாங்கினேன். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசவா என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன். மறுநாள் எனக்கு விடுமுறை. கணவர் நைட் ஷிப்ட் முடித்துவந்து முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வைத்து, பழைய இரும்புக் கரண்டியில் கொஞ்சம் போட்டுச் சூடாக்கினேன். வெள்ளைப் புகை எழுந்தது. மேலே ஈரத் தட்டு ஒன்றைப் பிடித்தேன். தட்டின் அடியில் வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்தது. கரண்டியில் இருந்தது காணாமல் போய்த் தட்டில் திரும்பி வந்திருந்தது. புத்தகத்தில் எதிரெதிராக இரண்டு அம்புக்குறி போட்டிருப்பார்களே, அதை முதல் முறையாகக் கண்ணால் பார்த்தேன். சந்தில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் எதையும் அரைகுறையாக விடும் பழக்கம் இல்லையே. அம்மோனியாவை அதிலிருந்து தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நவச்சாரத்தோடு சுண்ணாம்பு சேர்த்தால் அம்மோனியா வரும் என்று புத்தகத்திலேயே இருந்தது. மிச்சமிருந்த நவச்சாரம் முழுவதையும் நுணுக்கி, ஒரு பெரிய டம்ளரில் போட்டு, வெற்றிலைச் சுண்ணாம்பைக் கையால் அள்ளிப்போட்டுக் கலந்தேன். அப்போதே கண் எரிந்தது. ஸ்டவ்வில் வைத்து ஒரு நிமிடம் சூடு காட்டினேன். மூக்கைப் பிளக்கிற வாடை, சந்தேகமே இல்லை, அம்மோனியாதான். பரம திருப்தியோடு திரியை இறக்கி, டம்ளரைத் தட்டால் மூடினேன். பால்வாடியிலிருந்து மகளைக் கூட்டிவரும் நேரமாகிவிட்டது என்று ஓடினேன். ஸ்டவ் அணைந்ததா என்று குனிந்து பார்க்கவில்லை.

மகளைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வரும்போது எங்கள் வரிசை வீட்டு ஜனம் மொத்தமும் எனக்கு எதிரே ஓடிவருகிறது. முன்னால் என் கணவர், வாயில் ஈரத் துண்டு, கையில் எங்கள் துணிப்பை. "கேஸு! அம்மோனியா! எல்லாம் ரோட்டுக்குப் போங்க!" என்று கத்திக்கொண்டே ஒவ்வொரு கதவாகத் தட்டிவிட்டு வந்திருக்கிறார். அவர் சொன்னால் அதில் தப்பு இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவர் முகத்தில் பாதி சவரத்தோடு வந்தார். ஒரு அம்மா ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டுக்காரம்மா அரசாங்கம் கொடுத்த இலவச டிவியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

நானும் திரும்பி ஓடினேன். இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. கம்பெனி ஏதோ வெடித்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். மகளைத் தூக்கிக்கொண்டு, முந்தானையை அவள் மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டு, மெயின் ரோடு வரை மூச்சு வாங்க ஓடினேன். கடவுளே, கடவுளே என்று வேண்டிக்கொண்டேகூட ஓடினேன்.

ரோட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. "எந்தக் கம்பெனிடா?" என்றார் ஒருவர். காற்று அந்தப் பக்கமிருந்து வருகிறது என்று இன்னொருவர் கை காட்டினார். அவர் காட்டியது நான் வேலை பார்க்கிற கம்பெனி. ரோட்டை மறிக்கலாம், கேட்டை உடைக்கலாம் என்று பேச்சு ஏறியது. நாலைந்து பேர் கல்லை எடுத்துவிட்டார்கள். அப்போதுதான் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அம்மா, உன் கை நாறுது" என்றாள்.

கையை மோந்து பார்த்தேன். டம்ளரில் வந்த அதே வாடை.

பேசாமல் இருந்திருக்கலாம். அந்த ஊரில் கம்பெனி மீது ஒரு பழி கூடுதலாக விழுந்தால் யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கேட்டுக்குள் மேடம் இருந்தார், எனக்கென்று வைத்திருந்த இடமும் இருந்தது. வாயைத் திறந்தால் அந்த வேலை போகும், திறக்காவிட்டால் கல் பறக்கும். இரண்டையும் நினைத்துப் பார்த்தேன். வீட்டுக்காரம்மாவிடம் போய் என் கையை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"அக்கா, இதுதானே வாடை?"

மோந்தவர் டிவியைக் கீழே வைத்தார். "என்னாடி செஞ்ச?"

"பரீட்சைக்குப் படிச்சங்க்கா."

அதற்குப் பிறகு நான் வாங்கிய பேச்சை எழுதினால் இந்தப் பக்கம் நாறிப்போகும். கல்லை எடுத்தவர்கள் அதை எங்கே போடுவது என்று தெரியாமல் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். என் கணவர் மட்டும் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. துண்டை மறுபடி நனைத்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய், ஸ்டவ்வை அணைத்து, டம்ளரில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தார். வந்தவரிடம் வீட்டுக்காரம்மா தீர்ப்பு சொன்னார்.

"ஒம் பொண்டாட்டி படிக்கிறத நிறுத்தணும். இல்லன்னா வீட்டைக் காலி பண்ணணும். ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"காலி பண்ணிடறோங்க" என்றார் அவர். யோசிக்கக்கூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு பேர் முன்னால் திட்டு வாங்கியபோது வராத அழுகை அது.

மறுநாள் வேலைக்குப் போனபோது, சங்கதி எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. மேடம் அறைக்குள் கூப்பிட்டார். கணக்கு முடித்து அனுப்பப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு பேப்பரையும் பேனாவையும் தள்ளினார்.

"நேத்து நடந்ததுக்கு ஈக்குவேஷன் எழுது."

எழுதினேன். இரண்டு பக்கமும் சமன் செய்து, கடைசியில் அம்மோனியாவுக்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறியும் போட்டேன். அவர் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

"ஈக்குவேஷன் கரெக்ட். செஞ்ச எடந்தான் தப்பு. இனிமே வீட்ல எதையும் கொளுத்தாத. ஜூன் மறந்துடாத."

முதுநகரில் ஒற்றை அறை வீட்டுக்குக் குடிபோனோம். படிக்கிற முறையை மாற்றிக்கொண்டேன். அந்தப் பாடத்தை இப்போது புத்தகம், ஐஸ் மிஷின், சார் சொன்னது, சந்தில் செய்தது என்று நான்கு வழியாகப் படித்திருந்தேன், அது எனக்குள் இறங்கியிருந்தது. காற்றிலிருக்கிற நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் கலந்து அமுக்கிச் சூடாக்கி இரும்புத்தூள் மேல் விட்டால், கொஞ்சம்தான் அம்மோனியா ஆகும். ஆனதையும் அப்படியே விட்டுவைத்தால் பழையபடி பிரிந்துவிடும். அதனால் ஆக ஆகக் குளிரவைத்து வெளியே எடுத்துவிட வேண்டும். ஆகாமல் நிற்கிறதை மறுபடியும் உள்ளே அனுப்ப வேண்டும், மறுபடியும், மறுபடியும். யூரியாவாக மாறி மூட்டையில் வந்து சேர்கிற அத்தனை அம்மோனியாவும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்ததுதான். என் மண்டையும் அப்படித்தான் வேலை செய்கிறது என்று கண்டுகொண்டேன். படித்ததை மண்டையிலேயே வைத்திருந்தால் காலையில் காணாமல் போகிறது. உடனே வெளியே எடுத்துவிட வேண்டும்.

காலை ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து கணவர் வருவார். டீயைக் கையில் கொடுத்துவிட்டு முந்தின நாள் படித்ததைப் புத்தகம் பார்க்காமல் சொல்லுவேன். அவருக்குப் பாதி புரியாது, ஆனால் நான் தடுமாறுகிற இடம் மட்டும் எப்படியோ தெரிந்துவிடும். "இந்த எடத்துல கசியுது" என்பார். அந்த இடத்தை மறுநாள் மறுபடியும் சொல்லுவேன். "இன்னிக்கு எவ்ளோ தேறுச்சி?" என்று கேட்பார். கொஞ்சம் என்பேன். "மிச்சத்த திருப்பி வுடு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போவார். ஐந்து மாதம் ஒரு நாள் விடாமல் இது நடந்தது. காய்ச்சலில் கிடந்த இரண்டு நாளும் நடந்தது.

பழைய பள்ளி சிதம்பரத்தில் என்பதால் தேர்வும் அங்கேதான். முந்தின நாள் குமராட்சிக்குப் போய்த் தங்கி, காலையில் மினி பஸ் பிடித்துப் போனேன். வாசலில் நின்ற வாத்தியார் என் புடவையையும் தாலியையும் பார்த்துவிட்டு, "பேரன்ட்ஸ் எல்லாம் வெளிய இருங்கம்மா" என்றார். ஹால் டிக்கெட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். வழிவிட்டார்.

அம்மோனியா வந்திருந்தது. ஆனால் டுடோரியலில் உருப்போடச் சொன்ன மாதிரி வரவில்லை. 'இந்த வினையில் வெப்பம் வெளிவருகிறது. அப்படியிருந்தும் மிகக் குறைந்த வெப்பநிலையை ஏன் பயன்படுத்துவதில்லை? உருவாகும் அம்மோனியாவை உடனுக்குடன் ஏன் நீக்குகிறார்கள்?' என்று சுற்றி வளைத்துக் கேட்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் யாரோ உச்சுக் கொட்டியது கேட்டது. நான் பேனாவைத் திறந்தேன். குளிர்ச்சியில் அம்மோனியா கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் வினை நகராது, காத்திருந்து காத்திருந்து காலம் போகும். அதற்காகச் சூட்டை மிக ஏற்றினால் கிடைத்ததும் பிரிந்துபோகும். ஆகவே நடுவில் ஒரு சூட்டில் இரும்பைத் துணைக்கு வைத்து ஓட்டுகிறார்கள் என்று எழுதினேன். ஒரு வரிகூட மனப்பாடம் இல்லை. கேட்டது அரைப் பக்கம், எழுதியது ஒன்றரைப் பக்கம்.

ரிசல்ட்டை முதுநகரில் ஒரு பிரவுசிங் சென்டரில் பார்த்தேன். வேதியியல் தொண்ணூற்று நான்கு. பிரிண்ட் எடுத்து, தேர்ச்சி என்ற வார்த்தை மடிப்பில் விழாமல் மடித்து, அன்றைக்கே மேடத்திடம் கொண்டுபோனேன். அவர் முகம் மலரவில்லை. பாட்டில் கழுவுகிறவளை டெஸ்டிங்கில் போடுவதா என்று மேலே இருக்கிறவர் கேட்கிறாராம், அவர் கண் முன்னால் ஒரு சோதனை செய்து காட்ட வேண்டுமாம்.

"எப்ப மேடம்?"

"அவர் ஃப்ரீயா இருக்கறப்ப. நாளைக்கு வெச்சிக்கலாமா?"

"இப்பவே வெச்சிக்கலாம் மேடம்."

மேலதிகாரி வந்து கைகட்டி நின்றார். காலையில் வந்த அம்மோனியா நீரின் வீரியத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார். அது திறந்து வைத்தால் பறந்துவிடும், வீரியம் குறைத்துக் காட்டும். குடுவையில் முதலிலேயே தண்ணீர் வைத்து, அதற்குள் எடுத்து, உடனே மூடினேன். நிறங்காட்டி இரண்டு சொட்டு விட்டதும் மஞ்சளான அந்த நீரில் ஆசிடைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். இளஞ்சிவப்பு எட்டிப்பார்த்து, கலக்கியதும் மறைந்தது. இன்னும் ஒரு சொட்டு. மறைந்தது. இன்னும் அரைச் சொட்டு. நின்றுவிட்டது. குழாயை மூடினேன்.

காலையில் வேறொரு பெண் அதே சரக்கைச் சோதித்து எழுதியிருந்த அளவை மேடம் நோட்டில் எடுத்துப் பார்த்தார். என்னுடையதும் அதுவும் ஒன்றாக இருந்தன. மேலதிகாரி தலையை ஆட்டிவிட்டுப் போனார். மேடம் நோட்டை என் பக்கம் திருப்பி, சோதித்தவர் என்று போட்டிருந்த கட்டத்தில் விரலை வைத்தார்.

இனிஷியல் போட்டால் போதும் என்றார். நான் முழுப் பெயரையும் எழுதினேன், கட்டத்துக்கு வெளியே போயும் நிறுத்தவில்லை. பிறகு அந்தக் குடுவையையும் பியூரெட்டையும் தொட்டிக்கு எடுத்துப்போய் நானே கழுவினேன், என் இடத்துக்குப் புதிதாக இன்னும் யாரும் வந்திருக்கவில்லை.